கோயில் கூடத்தில் வாரம் ஒரு காலை: மறதிநோய்க் குடும்பங்களுக்குத் துணைக்குழு அமைக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் போன்ற பகுதிகளில் ஒரு கோயில் குழுவிலோ தமிழ்ச் சங்கத்திலோ முதியோர் மன்றத்திலோ பொறுப்பில் இருப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதிநோய் வந்தவரும் அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரும் வாரத்தில் ஒரு காலைப்பொழுது வந்துபோகக்கூடிய துணைக்குழு ஒன்றை, பெரிய நிதியும் தனிக் கட்டடமும் இல்லாமல், இருக்கிற கூடத்தையும் இருக்கிற மனிதர்களையும் வைத்து எப்படி அமைப்பது என்பதே இதன் பொருள். பராமரிப்பவருக்கு முதலில் வேண்டியது நேரம். தன் தாயையோ கணவரையோ நம்பிக்கையானவர்களிடம் விட்டுவிட்டு வங்கிக்குப் போகவும், பல் மருத்துவரைப் பார்க்கவும், எதுவும் செய்யாமல் படுத்துத் தூங்கவும் இரண்டரை மணி நேரம் கிடைத்தால் அதுவே பெரிய உதவி. சொற்பொழிவு, துண்டறிக்கை, விழிப்புணர்வு நாள் முதலியவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பேர் டிமென்ஷியாவுடன் வாழ்ந்தார்கள். அவர்களுள் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் இருப்பவர்கள். குடும்பத்தினரும் நெருங்கியவர்களும் சராசரியாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் இவர்களைப் பராமரிப்பதில் செலவிடுகிறார்கள் என்றும், பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்றும் அதே நிறுவனம் கூறுகிறது. நம் வீடுகளில் அந்தப் பெண் பெரும்பாலும் ஒரு மகள் அல்லது மருமகள். அண்ணன் தம்பிகள் ஜோகன்னஸ்பர்க்கிலோ ஆஸ்திரேலியாவிலோ இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அம்மாவுடன் பத்து நிமிடம் பேசிவிட்டு, "அம்மா நன்றாகத்தானே பேசுகிறார்" என்று சொல்லிவிடுவார்கள்.

நோயாளியும் பராமரிப்பவரும் ஒரே இடத்துக்கு வந்து, இருவரும் தத்தமக்கு வேண்டியதைப் பெற்றுச் செல்லும் முறை புதியதன்று. ஆம்ஸ்டர்டாமில் 1993இல் ரோஸ்-மேரி ட்ரூஸ் என்ற ஆய்வாளரின் முயற்சியில் தொடங்கிய சந்திப்பு மையங்கள் இந்த எண்ணத்தில்தான் அமைந்தன. பின்னர் அவை வேறு பல நாடுகளுக்கும் பரவின. அவை பொதுவாகச் சமூகக் கூடங்களிலேயே நடப்பதைக் கவனிக்க வேண்டும். நம்மிடம் கோயில் கூடம் இருக்கிறது. ஆடி மாதக் கூழ் ஊற்றுதலுக்கு நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் பழகிய சமையலறையும், அண்டா குண்டாக்களும், பத்துப் பேரைத் தொலைபேசியில் திரட்டிவிடக்கூடிய ஓர் அக்காவும் ஏறக்குறைய எல்லாக் கோயில்களிலும் உண்டு. இதைவிட நல்ல தொடக்கம் அமைவது அரிது.

முதல் ஐந்து குடும்பங்கள்

அறிவிப்புப் பலகையில் சுவரொட்டி ஒட்டி ஆள் சேர்க்க முயல வேண்டாம். மறதிநோயை வெளியே சொல்லக் கூச்சப்படும் குடும்பங்கள் சுவரொட்டியைப் பார்த்து வருவதில்லை. "அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்ற பேச்சு மகளின் திருமணத்தைப் பாதிக்குமோ என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்து சில மாதங்களாக வராமல் போனவர் யார் என்று பூசாரியையும், முடி திருத்துபவரையும், மருந்துக்கடைக்காரரையும் கேட்டால் நான்கைந்து வீடுகள் தெரியவரும். அந்த வீடுகளுக்கு இருவராகச் சென்று, வழக்கமான நலம் விசாரிப்பாகப் பேச்சைத் தொடங்கி, "வியாழக்கிழமை காலையில் பெரியவர்கள் சிலர் கூடத்தில் பாடி, பேசி, சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்; ஆயாவையும் அழைத்து வாருங்களேன், அந்த நேரத்தில் உங்களுக்கும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நோயின் பெயரை நாம் முதலில் சொல்லத் தேவையில்லை. குடும்பத்தார் சொன்னால் தயங்காமல் அந்தப் பெயராலேயே பேசலாம். முதியவரிடம் மறைத்து, அவர் தலைக்கு மேல் குடும்பத்தாருடன் பேசுவது மட்டும் கூடாது. அழைப்பு அவருக்கும் நேராகச் சொல்லப்பட வேண்டும்.

ஐந்து குடும்பங்களுடன் தொடங்குவது போதும். பத்துக்கு மேல் போனால் இரண்டாவது நாளொன்றை வைத்துக்கொள்வது நல்லது. ஒரே கூட்டத்தைப் பெருக்கினால் இரைச்சலில் எல்லாருமே மிரண்டுவிடுவார்கள்.

குழுவில் சேர்வதற்கு மருத்துவச் சான்று கேட்க வேண்டியதில்லை என்றாலும், ஒருமுறையேனும் மருத்துவர் பார்த்திருக்கிறாரா என்று விசாரிப்பது நம் கடமை. மறதியாகத் தெரிவதெல்லாம் டிமென்ஷியா ஆகிவிடாது. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, காது கேளாமை, சில மாத்திரைகளின் விளைவு, தலையில் அடிபட்டபின் மெல்லச் சேரும் இரத்தக்கட்டு ஆகியவையும் அப்படித் தோன்றும், அவற்றுக்கு மருத்துவம் உண்டு. நம்மவர்களிடையே ஒன்றைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் உட்கொள்பவர்களுக்கு உடலில் வைட்டமின் பி12 குறையக்கூடும், சைவ உணவு மட்டும் உண்பவர்களுக்கும் அக்குறை வரலாம், இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுதல். அப்பகுதி மருத்துவ நிலையத்தில் இரத்தப் பரிசோதனை கேட்டு, தேவைப்பட்டால் சாட்ஸ்வொர்த்தில் ஆர்.கே.கான் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைக்கு அனுப்புகைக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். நேற்றுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் இரண்டொரு நாளில் திடீரெனக் குழம்பினால், இல்லாத ஆட்களைக் கண்டு பேசினால், பகலெல்லாம் மயங்கித் தூங்கினால், அதை நோய் முற்றியதாக எண்ணி விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு, மலச்சிக்கல், புதிய மாத்திரை ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தொண்டர்கள் அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய மருத்துவச் செய்தி இது ஒன்றுதான். மற்றதை மருத்துவரிடம் விட்டுவிடலாம்.

கூடத்தைத் தயார் செய்தல்

காலை 9.30 முதல் 12 மணிவரை என்று வைத்துக்கொள்வது நல்லது. பிற்பகலும் மாலையும் மறதிநோய் உள்ளவர்கள் பலருக்கு அமைதி குலையும் நேரம். பொழுது சாயச் சாய எழுந்து நடப்பதும் அழுவதும் சண்டையிடுவதும் கூடும். நாளும் நேரமும் மாறக் கூடாது. பண்டிகைக்காகக் கூடம் வேறு காரியத்துக்குக் கொடுக்கப்பட்டால் அந்த வாரம் குழு கூடாது என்று ஒரு வாரம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பராமரிப்பவர் அந்தக் காலைப்பொழுதை நம்பி மருத்துவச் சந்திப்பு வைத்திருப்பார்.

கோயில் கூடத்துக்கே உரிய இடர் ஒன்று காலணியில் இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மெருகேற்றிய தரையில் காலுறையுடன் நடந்துவரும் எண்பது வயதுப் பெரியவர் வழுக்கி விழுவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு அவர் பழைய நிலைக்குத் திரும்புவது கடினம். சன்னிதியிலிருந்து கூடம் தனியாக இருந்தால் கூடத்துக்குள் காலணி அணிய நிர்வாகக் குழுவிடம் அனுமதி பெறலாம். அது இயலாத இடங்களில் அடியில் ரப்பர் பிடிப்புள்ள, கோயிலுக்கென்றே ஒதுக்கிய துணிக்காலணிகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லலாம். வாசலில் கைப்பிடியுள்ள நாற்காலி இரண்டு போட்டு, உட்கார்ந்து கழற்றவும் மாட்டவும் வசதி செய்ய வேண்டும். குனிந்து மாட்டிவிடும் வேலையைச் சிறுவர்கள் மகிழ்ச்சியோடு செய்வார்கள், பள்ளி விடுமுறை நாட்களில்.

கழிப்பறைக் கதவில் எழுத்தோடு படமும் இருக்கட்டும். கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒட்டினால் குனிந்து நடப்பவர்கள் கண்ணில் படும். எரியும் குத்துவிளக்குக்கும் கற்பூரத்துக்கும் பதிலாக அந்தக் காலைநேரத்துக்கு மின்விளக்கை வைக்கலாம், சேலைத் தலைப்பு எரிந்த கதைகள் நமக்குத் தெரிந்தவைதாம். தெருவாசல் இரும்புக் கதவைப் பூட்டத்தான் வேண்டும், ஆனால் சாவி யாரிடம் இருக்கிறது என்பது எல்லாத் தொண்டர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று பெரியவர்களுக்கு ஒரு தொண்டராவது இருக்க வேண்டும், கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர் நீங்கலாக. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டர்பனின் புழுக்கத்தில் பெரியவர்கள் தாகமென்று கேட்க மாட்டார்கள். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீர்க் குவளையைக் கையில் கொடுத்து, குடித்தபின் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் உண்டா, நீரிழிவு உண்டா, விழுங்குவதில் சிரமம் உண்டா, மருந்து எப்போது, எதைக் கண்டால் பயம், எது அமைதிப்படுத்தும், இளமையில் என்ன வேலை செய்தார், எங்கே குடியிருந்தார், அவசரத்துக்கு யாரை அழைப்பது ஆகியவை அதில் இருந்தால் போதும். இந்தத் தாள்கள் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நமக்கும் பொருந்தும். குறிப்பாகப் பெரியவர்களின் படங்களை அனுமதியின்றி வாட்ஸ்அப் குழுக்களில் போடும் வழக்கத்தை முதல் நாளே தடுத்துவிட வேண்டும்.

இரண்டரை மணி நேரத்தில் என்ன செய்வது

தேநீரும் அறிமுகமும், பாட்டு, கைவேலை அல்லது பேச்சு, சிறிது நடை, சாப்பாடு என்ற வரிசை போதுமானது. வரிசை வாரந்தோறும் மாறாமல் இருப்பது பெரியவர்களுக்கு ஆறுதல் தரும். நினைவையும் சிந்தனையையும் தூண்டும் குழுப்பயிற்சி ஒன்று இங்கிலாந்தில் ஏமி ஸ்பெக்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கியது. 14 அமர்வுகள், வாரத்துக்கு இரண்டு வீதம் ஏழு வாரம், ஒவ்வொன்றும் 45 நிமிடம் என்பது அதன் அமைப்பு. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆய்வு நிறுவனம் அதைத் தமிழ்ச் சூழலில் பயன்படுத்தியிருக்கிறது. பயிற்சி பெற்றவர் இல்லாவிட்டாலும் அதன் அடிப்படை விதி ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம்: விடை சரியா தவறா என்று சோதிக்கும் கேள்வியைக் கேட்காமல், கருத்தைக் கேட்க வேண்டும். "இது யார் தெரிகிறதா?", "இன்று என்ன கிழமை?" என்று கேட்டால் தெரியாதவர் கூனிக்குறுகிப் போவார். "ஆட்டுக்கறிக் குழம்பில் உருளைக்கிழங்கு போடலாமா கூடாதா?" என்று கேட்டுப் பாருங்கள். டர்பனில் இந்த வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை. பேசாத பெண்மணிகளும் பேசுவார்கள்.

மொழியைப் பற்றி ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பின்னால் கற்றது முதலில் நழுவுவது இந்நோயில் பல நேரம் நடப்பதால், ஐம்பது ஆண்டுகள் ஆங்கிலத்தில் குடும்பம் நடத்தியவர் சிறுவயதுத் தமிழில் பேசத் தொடங்குகிறார். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கோ தமிழ் தெரியாது. துணைக்குழுவில் தமிழ் பேசத் தெரிந்த ஒருவராவது எப்போதும் இருக்க வேண்டியது இதனால்தான். பேரப்பிள்ளைகளுக்கு இலக்கணம் தேவையில்லை. தண்ணீர் வேண்டுமா, வலிக்கிறதா, வாங்க போகலாம், நான் இங்கேதான் இருக்கிறேன் ஆகியவற்றைப் போலப் பதினைந்து இருபது தொடர்களை ஆங்கில எழுத்தில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிக்கொடுத்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும். பேச்சு அனைத்தும் போனபின்பும் பாட்டு நிற்கும் என்பதைத் தேவாரமோ மாரியம்மன் தாலாட்டோ பாடும்போது நீங்களே காண்பீர்கள். அடி மறந்தவர்களும் மெட்டில் சேர்ந்துகொள்வார்கள்.

கையிலிருக்கும் பழக்கங்களையும் அப்படியே பயன்படுத்துங்கள். கறிவேப்பிலை உருவுதல், அவரை உரித்தல், பூத் தொடுத்தல், அப்பளம் அடுக்குதல் போன்றவை சமையலறைக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேலைகள் என்பதால் பெரியவர்களுக்கு அதில் மானம் இருக்கிறது; குழந்தைகளின் வண்ணப் புத்தகத்தைக் கொடுப்பதில் அது இல்லை. ஆண்களை ஈடுபடுத்துவது கடினம் என்று சொல்லப்படுகிறது. தூனி சீட்டாட்டத்துக்கு ஒரு மேசையைப் போட்டுவிட்டால் அந்தக் கடினம் பெருமளவு தீரும். புள்ளிக் கணக்கு தெரியாமல் போனவரும் சீட்டைக் கலைத்துப் பிரிக்கும் கைவேகத்தை இழந்திருப்பதில்லை. எதிரணி ஏமாற்றுகிறது என்ற குற்றச்சாட்டும் அப்படியேதான் இருக்கும்.

மிக அடிக்கடி எதிர்ப்படுவது "நான் வீட்டுக்குப் போக வேண்டும்" என்ற வேண்டுதல். தன் சொந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்துகொண்டே இதைச் சொல்வார்கள். நம்மவர்களில் எண்பதைக் கடந்தவர்கள் பலருக்கு அந்த வீடு உண்மையிலேயே இல்லை. நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸும், கேட்டோ மேனரில் தோட்டத்தோடு இருந்த தகர வீடுகளும் குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த 1950ஆம் ஆண்டுக் குழுப்பகுதிச் சட்டத்தின் பின் வெறுமையாக்கப்பட்டு, மக்கள் சாட்ஸ்வொர்த்துக்கும் பின்னர் ஃபீனிக்ஸுக்கும் அனுப்பப்பட்டார்கள். கைப்பையை மடியில் இறுகப் பிடித்துக்கொண்டு, "பாரக்ஸுக்குப் போகிற பஸ் போய்விடும், அப்பா வேலை முடிந்து வந்துவிடுவார்" என்று ஓர் ஆயா எழுந்து நிற்கும்போது, பாரக்ஸ் இடிக்கப்பட்டது என்றோ அப்பா இறந்துவிட்டார் என்றோ திருத்துவது அவருக்கு அந்த இழப்பை முதல்முறையாகச் சொல்வதற்குச் சமம். அப்படியே பஸ் இப்போது வரும் என்று பொய் சொல்லவும் வேண்டாம். "அப்பா வந்ததும் என்ன சாப்பிடுவார்?" என்று கேட்டு, பக்கத்தில் நடந்து, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், கருவாட்டுக் குழம்பு, தண்ணீர்க் குழாயடி, அடுத்த அறைப் பெண்ணுடன் போட்ட சண்டை என்று பேச்சு போகும். பத்து நிமிடத்தில் கைப்பை மடியிலிருந்து நாற்காலிக்கு வரும். அந்த வேண்டுதல் பெரும்பாலும் ஓர் இடத்தைவிடப் பாதுகாப்பைத் தேடுவதாக இருக்கிறது. சில நேரம் சிறுநீர் கழிக்க வேண்டும் என்பதும் அந்தச் சொற்களிலேயே வெளிவருவதால், நடையைக் கழிப்பறைப் பக்கமாகத் திருப்பிப் பார்ப்பதும் பயன் தரும்.

சாப்பாடு மென்மையாக, காரம் குறைந்து, ஒரு நேரத்தில் ஒரே பதார்த்தமாகப் பரிமாறப்பட வேண்டும். சாப்பிடும்போது இருமுபவரைப் பற்றி வீட்டாரிடம் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பராமரிப்பவருக்காக

முதல் நாள் பராமரிப்பவர் போக மாட்டார். கையில் கார்ச் சாவியுடன் வாசலருகே நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, அம்மா திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வருவார். அவரை விரட்ட வேண்டாம். இரண்டாம் வாரம் அரை மணி, மூன்றாம் வாரம் ஒரு மணி என்று தாமே நீட்டிக்கொள்வார். போகும்போது சொல்லிக்கொண்டு போவதா, சொல்லாமல் போவதா என்பது ஆளைப் பொறுத்தது, அவரே அறிவார். போய் என்ன செய்தார் என்று நாம் கேட்கவே கூடாது. கூந்தல் அலங்கார நிலையத்தில் உட்கார்ந்திருந்தால் அதுவும் நல்லதே.

மாதத்துக்கு ஒருமுறை, பெரியவர்கள் கூடத்தில் இருக்கும் அதே நேரத்தில், பராமரிப்பவர்கள் மட்டும் பக்கத்து அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். அங்கே பேசப்படுவது வெளியே போகாது என்ற உறுதி முதலில் வேண்டும், ஏனென்றால் சிறிய ஊர் போன்ற நம் பகுதிகளில் மாமியாரைப் பற்றிச் சொன்னது மாலைக்குள் மாமியாரின் தங்கையிடம் போய்ச் சேரும். அறிவுரை சொல்ல ஆசைப்படுபவர்களை நடத்துநராக வைக்காதீர்கள். எல்லாம் கர்மவினை என்று ஆறுதல் சொல்பவர்களையும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் பராமரிப்பவர்களுக்காக வெளியிட்ட ஐசப்போர்ட் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது, அதில் ஒரு மாதத்துக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளலாம். அல்சைமர்ஸ் சவுத் ஆப்பிரிக்கா, டிமென்ஷியா எஸ்.ஏ. ஆகிய இரண்டு அமைப்புகளும் தொலைபேசி ஆலோசனையும் ஆதரவுக் குழுக்களும் நடத்துகின்றன; தொண்டர்களுக்கு ஒரு நாள் பயிற்சி அளிக்க அவர்களை அணுகிக் கேட்கலாம்.

பல வீடுகளில் உண்மையான பராமரிப்பு சம்பளத்துக்கு வரும் ஸூலு மொழிப் பெண்மணியின் கையில் இருக்கிறது. அவர் குளிப்பாட்டுகிறார், உணவூட்டுகிறார், இரவில் பக்கத்தில் படுக்கிறார், ஆனால் குழுவுக்கு அழைக்கும்போது அவரை மறந்துவிடுகிறார்கள். அவரும் பராமரிப்பவரே. வட்டத்தில் அவருக்கும் நாற்காலி போடுங்கள், அவருக்குப் புரியும் மொழியில் பேசுங்கள், அந்தப் பெரியவரைப் பற்றி அவர் சொல்வதை முதலில் கேளுங்கள்.

பொறுமை இழந்து கத்தியதாகவும், ஒருமுறை கையைப் பிடித்து உலுக்கிவிட்டதாகவும் ஒரு மகள் அழுதுகொண்டே சொன்னால், அது உதவி கேட்கும் குரல். அடுத்த வாரமே அவருக்குக் கூடுதல் நேரம் கிடைக்க ஏற்பாடு செய்து, சமூகப் பணியாளரிடம் அவரை அழைத்துச் செல்லுங்கள். உடலில் காயம், பட்டினி, அறையில் பூட்டிவைத்தல், உதவித்தொகையைப் பறித்துக்கொள்ளுதல் போன்றவற்றைக் கண்டால் நிலைமை வேறு. 2006ஆம் ஆண்டின் 13ஆம் எண் முதியோர் சட்டப்படி, முதியவர் ஒருவர் கொடுமைக்கு ஆளாகிறார் என்று ஐயுறும் எவரும் உடனே சமூக மேம்பாட்டுத் துறைக்கோ காவல்துறைக்கோ தெரிவித்தாக வேண்டும். குடும்பப் பெயர் கெடும் என்று கோயில் குழு அதை மூடி மறைக்கும் உரிமை கிடையாது.

பணமும் கையெழுத்தும்

பணம், கையெழுத்து பற்றிய ஏற்பாடுகளை ஒத்திப்போடுகிற குடும்பங்கள் பின்னால் மிகவும் துன்பப்படுகின்றன என்பதால், நோய் தொடக்க நிலையில் இருக்கும்போதே ஒரு வழக்கறிஞரை ஒரு காலையில் அழைத்துப் பேச வைக்க வேண்டும். தாயிடம் அதிகாரப் பத்திரம் வாங்கிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில், கொடுத்தவர் தம் காரியங்களைப் புரிந்துகொள்ளும் திறனை இழந்தவுடன் அந்த அதிகாரப் பத்திரமும் செல்லாமல் போய்விடுகிறது. மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது பயன்படாது. அதன்பின் இருப்பவை இரண்டு வழிகள். உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துச் சொத்தைப் பராமரிக்கும் கியூரேட்டர் ஒருவரை நியமிக்கச் செய்யலாம், அதற்குச் செலவு அதிகம். அல்லது 2002ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி உயர்நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் மருத்துவச் சான்றுகளுடனும் சத்தியக் கடிதத்துடனும் விண்ணப்பித்து, நிர்வாகி ஒருவரை நியமிக்கக் கேட்கலாம். எளிய சொத்துள்ள குடும்பங்களுக்கு இதுவே ஏற்றது. உயில் எழுதுவதானாலும் பெரியவருக்குத் தெளிவு இருக்கும்போதே, மருத்துவர் ஒருவரின் கருத்தையும் வாங்கி வைத்துக்கொண்டு எழுத வேண்டும்.

அரசு உதவியில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. 60 வயது நிரம்பி, வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்கு அரசின் சமூகப் பாதுகாப்பு முகமையான சாசா முதியோர் உதவித்தொகை தருவது அனைவரும் அறிந்ததே. அதைப் பெறுபவர் பிறர் உதவியின்றி இருக்க முடியாத நிலைக்கு வந்தால், மருத்துவரின் மதிப்பீட்டுடன் 'கிராண்ட் இன் எய்ட்' என்ற கூடுதல் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தொகை சிறியதுதான், ஆயினும் மாதாமாதம் வரும் அணையாடைச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். வாரம் ஒரு தொண்டர் சாசா அலுவலக வரிசையில் நிற்க முன்வந்தால் அது பத்துச் சொற்பொழிவுகளுக்கு மேலானது.

தெருவும் திருவிழாவும்

வழிதவறிப் போவதைப் பற்றிக் கடைக்காரர்களிடமும் டாக்ஸி நிறுத்தத்தில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே பேசிவையுங்கள். பெரியவர் ஒருவர் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் நின்றால், முன்னால் வந்து, மெதுவாகப் பெயர் கேட்டு, உட்கார வைத்து, இந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர்கள் அறிந்தால் போதும். குடும்பத்தார் அண்மைக்காலப் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்திருக்க வேண்டும். காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான செய்தி. தென்னாப்பிரிக்கக் காவல்துறைக்கு அப்படி ஒரு விதி இல்லை, உடனே நிலையத்துக்குப் போகலாம். வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தால் அதை எப்படி ஒப்படைப்பது என்று அதே நிலையத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

காவடித் திருவிழாவுக்கும் புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்கும் போகாமல் இருக்க மாட்டேன் என்று பெரியவர் பிடிவாதம் பிடிப்பார், அவரைத் தடுப்பது கொடுமை. கூட்டமும் மேளமும் தொடங்குமுன் அதிகாலையில் அழைத்துப்போய், அருச்சனை முடித்து, ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம். புரட்டாசி விரதத்தில் இன்சுலின் எடுத்துக்கொள்பவர் பட்டினி இருக்கக் கூடாது என்பதை மருத்துவர் சொல்வதைவிடப் பூசாரி சொன்னால் அதிகம் எடுபடுகிறது, ஆகவே அவரிடம் முன்பே பேசி வையுங்கள்.

நீடித்து நடத்துதல்

முதல் சில மாதங்களை நண்பர்கள் கூடிச் செய்யும் உதவியாக நடத்திப் பார்த்துவிட்டு, நிலையாகத் தொடர்வது என்று முடிவானதும் சமூக மேம்பாட்டுத் துறையின் உள்ளூர் அலுவலகத்துக்குச் சென்று பதிவு பற்றிக் கேட்க வேண்டும். முதியோருக்கான சமூகப் பராமரிப்புச் சேவைகள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்று முதியோர் சட்டம் சொல்வதால், எந்த அளவில் நமக்கு அது பொருந்துகிறது என்பதை அவர்களிடமே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. கணக்கைக் கோயில் கணக்கிலிருந்து பிரித்து, காய்கறி வாங்கிய சீட்டுவரை வைத்திருங்கள். எல்லாப் பொறுப்பும் ஓர் அக்காவின் தலையில் இருந்தால் அவருக்கு உடம்பு முடியாத வாரம் குழுவும் இருக்காது. சாவி, சமையல், தொலைபேசி அழைப்பு மூன்றும் மூவரிடம் இருக்கட்டும்.

ஒரு கட்டத்தில் ஒவ்வொருவரும் வர முடியாத நிலைக்கு வருவார்கள். படுக்கையில் விழுந்தவரின் பெயரை அடித்துவிட்டு அடுத்தவரைச் சேர்ப்பது எளிது, ஆனால் பராமரிப்பவருக்குச் சுமை மிகவும் கூடுவது அப்போதுதான். அந்த வீட்டுக்கு வியாழக்கிழமை அதே நேரத்தில் இரு தொண்டர்கள் சென்று, ஒருவர் படுக்கையருகே உட்கார, மற்றவர் சமையலறையில் கைகொடுக்க, மகள் வெளியே போய்வரட்டும். இறப்புக்குப் பின் பதினாறாம் நாள் காரியத்தோடு உறவினர்கள் கலைந்துவிடுவார்கள். பராமரிப்பவரின் பெயர் மாதக் கூட்டப் பட்டியலில் தொடர்ந்து இருக்கட்டும், அவர் விரும்பும்வரை வரட்டும். தொண்டராகச் சேரச் சொல்லி உடனே கேட்க வேண்டாம். சிலர் ஓராண்டு கழித்துத் தாமாகவே முன்வருவார்கள், சிலருக்கு அந்தக் கூடத்தைத் திரும்பப் பார்க்கவே மனம் இருக்காது. இரண்டையும் அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிடலாம்.